அப்பா படுத்திருப்பார்

அலுமாரிக்குள் என் போன் நடுங்கிக்கொண்டிருந்தது. வெண்கட்டிப் பெட்டியின் மேல் வைத்துப் பூட்டியிருந்தேன். இரும்பு அலுமாரி என்பதால் அந்தச் சின்ன நடுக்கமும் வகுப்பு முழுவதும் கேட்டது. கழித்தல் கணக்கில் குனிந்திருந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கினார்கள்.

“ரீச்சர், உங்கட போன்,” என்றான் முன்வாங்கில் இருந்த விதுசன்.

“கேக்குது. நீ கணக்கைச் செய்.”

அது மறுபடியும் நடுங்கியது. பிறகு விடாமல் நடுங்கத் தொடங்கியது. வேறொருவர் என்றால் வீட்டில் யாருக்கும் ஏதும் ஆகிவிட்டதோ என்று பயந்திருப்பார். எனக்குப் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அது பெற்றோரின் வட்ஸ்அப் குழு என்று பார்க்காமலே தெரியும். நாளைக்கு வெள்ளைச் சப்பாத்தா கறுப்புச் சப்பாத்தா என்று யாரோ கேட்டிருப்பார். அதற்கு நான் முதல் நாளே பதில் எழுதியிருப்பேன். அந்தப் பதிலுக்குக் கீழேயே இன்னும் மூன்று பேர் அதே கேள்வியைக் கேட்டிருப்பார்கள்.

ஸ்கந்தபுரத்துக்குக் கிட்ட, வயல்களுக்கு நடுவில் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடம் அது. யன்னலால் நெல் முற்றுகிற வாசம் வந்துகொண்டிருந்தது. இடைவேளை மணி அடித்ததும் பிள்ளைகள் குழாயடிக்கு ஓடினார்கள். நான் அலுமாரியைத் திறந்தேன்.

நாற்பத்தொரு செய்திகள். அரைவாசிக்கு மேல், கண்ணில் நீர் வரச் சிரிக்கிற அந்த மஞ்சள் முகம். நடுவில் விதுசனின் அம்மா எழுதியிருந்தார்: “குடுத்து வைச்ச மனுசன்.”

யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. விரலால் தள்ளித் தள்ளி மேலே போனேன். நான் முதல் நாள் பின்னேரம் போட்ட ஒரு படத்தில் போய் நின்றது.

குழு வந்த விதம்

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல முதல், குழுவைப் பற்றிச் சொல்லவேண்டும்.

எங்கள் பள்ளிக்கூட அதிபர் ஒரு நாள் ஏதோ பயிற்சிக்குப் போய்விட்டு வந்தார். பயிற்சிக்குப் போய்வந்தால் ஒரு கிழமைக்கு அவர் வேறு ஆள். ஆசிரியர்கள் எல்லாரையும் கூப்பிட்டு இருத்தி, “வகுப்பில என்ன நடக்குது எண்டு தாய்தகப்பனுக்குத் தெரியவேணும். தெரிஞ்சால்தான் அவையள் வீட்டில உதவி செய்வினம். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு குழு துவங்குங்கோ,” என்றார்.

நான் அதற்கு எதிரானவள் இல்லை. பிள்ளை பள்ளிக்கூடத்தில் செய்கிற வேலையைப் பெற்றோர் காணவேண்டும் என்று இருபது வருடத்துக்கு மேலாகச் சொல்லிக்கொண்டு வருகிறவள் நான். துவங்கினேன்.

முதல் நாளே பூக்கள் வந்தன. காலை வணக்கம் சொல்கிற ரோசாப்பூக்கள், பிறகு பிள்ளையார், பிறகு முருகன். இரண்டாம் நாள் ஒருவரின் ஆடு காணாமற்போன செய்தி. மூன்றாம் நாள், பழைய தண்ணீர்ப் பம்ப் ஒன்று விற்பனைக்கு. இதற்கெல்லாம் நடுவில் நான், “இன்று பிள்ளைகள் இலைகளை வகைப்படுத்தினார்கள்” என்று எழுதினால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். ஒரே ஒரு பெருவிரல் வரும். அதுவும் கை தவறிப் பட்டதாக இருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்கமுடியாதது வேறொன்று. பிள்ளை என்ன கற்றது என்று அவர்கள் கேட்பதில்லை. எத்தனை பக்கம் எழுதியது என்று கேட்பார்கள்.

சுற்றாடல் பாடத்துக்குப் பயறு முளைக்கவைத்தோம். ஈரப் பஞ்சில் வைத்து, ஒவ்வொரு நாளும் முளையை அடிமட்டத்தால் அளந்து, அளவைச் சுவரில் குறித்தோம். பிள்ளைகள் காலையில் வந்து புத்தகப் பையைக் கழற்ற முதலே அந்தப் பயற்றைத்தான் பார்ப்பார்கள். அந்தப் படங்களைக் குழுவில் போட்டேன். மறுநாள் விதுசனின் அம்மா பள்ளிக்கூடப் படலையடியில் என்னை மறித்தார்.

“ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. பயறு முளைக்கிறதைப் பாக்கவோ நாங்கள் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்புறம்? எங்கட வயலில இல்லாத முளையோ?”

“அளக்கப் பழகுறான் அம்மா. மில்லிமீற்றர், சென்ரிமீற்றர் எல்லாம் அதுக்குள்ள இருக்குது.”

“கொப்பியில ஒண்டும் இல்லையே. இன்னும் ரெண்டு வருசத்தில புலமைப்பரிசில் சோதினை வருது. அதில பயறு கேப்பினமோ?”

கேட்பார்கள் என்ற பதில் வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை. கணவரோடு சேர்ந்து வயல் செய்கிறார், பெற்றோர் கூட்டத்துக்கு நேரத்துக்கு வருகிற இரண்டு பேரில் ஒருவர். மற்றவர் வருவது நிழலுக்கு.

தேங்காய் வந்த நாள்

பெற்றோருக்குத் தகவல் சொல்லப் போய் நான் அவதிப்பட்டது இது முதல் தடவை இல்லை.

புளியங்குளத்துக்கு உள்ளே ஒரு பள்ளிக்கூடத்தில் சில காலம் படிப்பித்தேன். போன் எல்லாம் இல்லாத காலம். கார்பன் தாள் வைத்துக் கையால் அறிவித்தல் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுப்பேன். அது வீட்டுக்குப் போய்ச் சேராது. வழியில் புளியம்பழம் சுற்றுவதற்குப் பயன்படும்.

அந்த ஊருக்கு ஒரு பஸ் ஓடியது. அதன் கொண்டக்டர் நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இராது. “ரீச்சர், கடுதாசியை விடுங்கோ. நான் ஒவ்வொரு தரிப்பிலையும் சொல்லிவிடுறன்,” என்றார். நானும் நம்பினேன். கைவேலைக்கு ஆளுக்கு ஒரு வெறும் தேங்காய்ச் சிரட்டை கொண்டுவரவேண்டும், அவ்வளவுதான் செய்தி.

முதல் தரிப்பில் சிரட்டை என்றுதான் சொல்லியிருக்கிறார். நடுவில் அது தேங்காய் ஆகிவிட்டது. கடைசித் தரிப்பில், ஆளுக்கு இரண்டு தேங்காய். மறுநாள் காலை பிள்ளைகள் உரப்பையில் தேங்காய் இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு தகப்பன் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு தானே வந்து, “கோயில் பொங்கலோ ரீச்சர்?” என்று கேட்டார். அவ்வளவு தேங்காயையும் பெயர் எழுதித் திருப்பி அனுப்ப எனக்கு ஒரு முழுநாள் போனது. அதிலும் பெரிய தேங்காய் கொடுத்தோம், சின்னது வந்திருக்கிறது என்று ஒரு வீட்டில் முறைப்பாடு.

பெற்றோருக்குத் தகவல் அனுப்பத் தேவையில்லாத ஒரு காலமும் இருந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து உடையார்கட்டு என்ற ஊரில் இருந்த நாட்கள். ஒரு மரத்தின் கீழ் வகுப்பு வைத்தேன். பிள்ளைகளுக்குப் பின்னால் தாய்தகப்பன்மாரும் வந்து குந்தியிருப்பார்கள். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. நான் படிப்பித்தது முழுவதும் அவர்களுக்குத் தெரியும். ஒரு தகப்பன் என் வகுத்தல் கணக்கில் பிழைகூடப் பிடித்தார். அந்த நாட்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு இப்போது மனம் இல்லை.

பதினெட்டுப் படங்கள்

இப்போது அந்தப் படத்துக்கு வருகிறேன்.

‘எங்கள் வீட்டில் யார் என்ன செய்கிறார்கள்?’ இதுதான் செயற்றிட்டம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரிய டிமைத் தாள் கொடுத்தேன். வீட்டில் உள்ளவர்களின் வேலைகளை எழுதி, படமும் கீறவேண்டும். எழுத்துப் பிழைக்குப் பயப்படவேண்டாம், உண்மையை எழுதுங்கள் என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்காகப் பிறகு என்னையே நான் எத்தனை தரம் திட்டியிருப்பேன்.

பிள்ளைகள் மூன்று நாள் எழுதினார்கள். நான் ஒவ்வொன்றின் கீழும் சிவப்புப் பேனையால் சரி போட்டு, பின்சுவரில் வரிசையாக ஒட்டினேன். பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டுத் தாள்கள். பாடசாலை விட்ட பிறகு போனை எடுத்துப் படம் பிடித்தேன்.

சுவரோடு வாங்குகள் அடுக்கியிருந்தன. தாள்களின் கீழ்ப்பாதியை அவை மறைத்தன. வாங்குகளை இழுத்துவிட்டு எடுத்திருக்கலாம். பசி, வெயில், வீட்டில் உடுப்பு ஊறப்போட்டபடி கிடந்தது. பார்க்கவா போகிறார்கள் என்ற எண்ணமும் இருந்தது. மேல்பாதியை மட்டும் எடுத்து, பதினெட்டையும் குழுவில் போட்டுவிட்டு ஸ்கூட்டியில் ஏறிவிட்டேன்.

இந்த முறை பார்த்தார்கள்.

அவர்களைச் சிரிக்கவைத்த படம் லக்சிகாவுடையது. லக்சிகா மெலிந்த பிள்ளை, அதிகம் கதைக்காது. இரண்டாம் வாங்கில் ஓரமாக இருக்கும். அவளுடைய எழுத்து மட்டும் அச்சுப் போல இருக்கும். அந்த எழுத்தில், படத்தைப் பெரிதாக்கிப் பார்க்காமலே வாசிக்கக்கூடிய அளவில், இரண்டு வரிகள்:

‘அம்மா வெள்ளென எழும்பி வேலைக்குப் போவார். அப்பா படுத்திருப்பார்.’

அதன் கீழ் ஒரு கட்டில். கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கிற, மீசை வைத்த ஒரு மனிதர். படம் அதோடு முடிந்துவிட்டது.

சிரித்த முகங்களின் நடுவில் இன்னொருவர் எழுதியிருந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசும். “வாய்க்காலுக்கு அங்கால இருக்கிற ஆக்களுக்கு அதுதானே வேலை.”

எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருப்பவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்து வந்தவர்களின் பிள்ளைகள். அந்தப் பக்கம், கலவரக் காலத்தில் மலையகத்திலிருந்து ஓடிவந்தவர்களின் பிள்ளைகள். இரண்டு பகுதியும் வந்தேறிய ஆட்கள்தான். ஒரே தண்ணீர்தான் இரண்டு பக்கத்து வயலுக்கும் பாய்கிறது. ஆனாலும் அந்த ‘அங்கால’ என்ற சொல்லில் என்ன இருக்கிறது என்பது இங்குள்ள எல்லாருக்கும் தெரியும்.

செய்திகளின் கடைசியில் ஒரு சின்ன வரி கிடந்தது. லக்சிகாவின் அம்மா ராஜேஸ்வரியின் இலக்கம் குழுவிலிருந்து வெளியேறியிருந்தது.

நீக்கப்பட்டது

அன்றைக்கு லக்சிகா வகுப்பில்தான் இருந்தாள். அவளுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. தோழிகளோடு கொய்யாப்பழம் பிரித்துத் தின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த நாள் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

அதிபரிடம் போனேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என் போனை வாங்கிப் பார்த்தார். “இதைப் பெரிசாக்காதேங்கோ ரீச்சர். படத்தை அழிச்சுவிடுங்கோ. பிள்ளை தன்ர பாட்டில வரும்.”

“சிரிச்ச ஆக்களுக்கு ஒண்டும் சொல்லுறேல்லையோ சேர்?”

“சொன்னால் அது பிறகு கோட்டக் கல்வி அலுவலகம் வரைக்கும் போகும். எனக்கேன் அந்த வேலை?”

குழு துவங்கச் சொன்னவர் அவர்தான். வகுப்பில் நடப்பது தாய்தகப்பனுக்குத் தெரியவேண்டும் என்றவரும் அவர்தான். பயிற்சி முடிந்து ஒரு கிழமை கடந்துவிட்டது போலும்.

ஒன்றை மட்டும் அழித்தால் அது இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று பதினெட்டையும் அழித்தேன். ‘இந்தச் செய்தி நீக்கப்பட்டது’ என்று பதினெட்டுத் தரம் வந்து நின்றது. அதுவரை படத்தைப் பார்க்காதவர்களும் விழித்துக்கொண்டார்கள்.

“ரீச்சர் என்ன அழிச்சனீங்கள்?”

“என்ர மகளின்ர படத்தையும் ஏன் எடுத்தனீங்கள்? அவள் வடிவாத்தானே எழுதினவள்?”

“நாளைக்குப் பள்ளிக்கூடமோ ரீச்சர்?”

போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன். தரையில் எறிய மனம் வரவில்லை.

சிவப்புச் சரி

மூன்றாம் நாளும் லக்சிகாவின் இடம் வெறுமையாக இருந்தது. பாடசாலை விட்ட பிறகு பின்சுவரிலிருந்து அந்தத் தாள்களைக் கழற்றிவிடலாம் என்று வாங்குகளை இழுத்தேன். அப்போதுதான் லக்சிகாவின் தாளின் கீழ்ப்பாதியைப் பார்த்தேன்.

‘அப்பா படுத்திருப்பார்’ என்பதற்குப் பிறகு, படத்துக்குக் கீழே, இன்னும் நான்கு வரிகள் இருந்தன.

‘அப்பாவால் எழும்ப முடியாது. நான் கட்டிலுக்குக் கீழே இருப்பேன். அப்பா படுத்திருந்து எனக்குத் தலை பின்னுவார். பின்னி முடியுமட்டும் வாய்ப்பாடு கேட்பார்.’

கட்டிலுக்குக் கீழே நிலத்தில் ஒரு சின்னப் பெண் சப்பாணி கட்டி இருந்தாள். கட்டிலிலிருந்து இரண்டு நீளமான கைகள் இறங்கி அவளுடைய பின்னலைப் பிடித்திருந்தன. என் போன் வெட்டியது சரியாக அந்தக் கைகளை.

லக்சிகாவின் தலையை நான் ஒவ்வொரு நாளும் பார்த்திருக்கிறேன். வகிடு நூல் பிடித்தது போல நேராக இருக்கும். விளையாடி முடிந்தாலும் ஒரு மயிர் குலையாது. இந்தத் தாய் எவ்வளவு கவனமாகப் பின்னி அனுப்புகிறாள் என்று மற்றப் பிள்ளைகளின் தாய்மாருக்குச் சொல்லிக்கூடக் காட்டியிருக்கிறேன்.

கடைசி வரிக்குக் கீழே ஒரு பெரிய சிவப்புச் சரி. என் கையால் போட்டது. வாசிக்காமல் போட்டது.

இத்தனை நாளும் பெற்றோர் பார்க்கவில்லை, வாசிக்கவில்லை, பக்கத்தை மட்டும் எண்ணுகிறார்கள் என்று எரிந்து விழுந்தவள் நான். இழுத்த வாங்கு ஒன்றில் அப்படியே இருந்துவிட்டேன். காவலாளி வந்து கதவு பூட்டவேண்டும் என்றபோதுதான் எழும்பினேன்.

வாய்க்காலுக்கு அங்கால்

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். இரண்டு அறையும் ஒரு விறாந்தையும் உள்ள வீடு. விறாந்தையில் கட்டில். அதில் லக்சிகாவின் அப்பா முத்துராஜ் படுத்திருந்தார். தலைமாட்டில் ஒரு போன், ஒரு சீப்பு, பழைய கொப்பி ஒன்று. அந்தப் போனைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. ராஜேஸ்வரி வேலைக்குப் போகும்போது போனைக் கணவரிடம் விட்டுவிட்டுப் போகிறார். குழுவில் வந்த ஒவ்வொரு சிரிப்பையும் அந்தக் கட்டிலில் கிடந்தபடி பார்த்தவர் இவர்.

“வாங்க ரீச்சர். புள்ள, கதிரைய எடுத்துப் போடு,” என்றார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இன்னமும் மலையகத்து ‘வாங்க, போங்க’தான்.

லக்சிகா கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள். கதவுச் சீலைக்குப் பின்னால் அவளுடைய கால்கள் தெரிந்தன.

அவர் மேசன் வேலை செய்தவர். ஒரு வீட்டுத்திட்ட வீட்டின் முகட்டுச் சுவர் பூசும்போது சாரம் சரிந்து விழுந்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இதையெல்லாம் அவர் தானாகச் சொல்லவில்லை. நான் கேட்டேன். இரண்டு வருடமாக அவருடைய பிள்ளைக்குப் படிப்பித்துக்கொண்டு, அன்றைக்குத்தான் கேட்டேன். லக்சிகாவின் விபர அட்டையில் ‘தந்தை சுகவீனம்’ என்று இருந்தது. அதற்கு மேல் நான் விசாரிக்கவில்லை.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ. அந்தப் படத்தைப் போட்டது நான்தான்,” என்றேன்.

“படம் போட்டதில தப்பில்ல ரீச்சர். புள்ள எழுதினது உண்மதானே. நான் படுத்துத்தான் இருக்கேன்.”

“பிறகு ஏன் பிள்ளையை அனுப்பேல்ல?”

“சிரிச்சவங்களோட புள்ளைங்ககூடத்தானே அவ ஒக்காரணும். வீட்டுல பெத்தவங்க சிரிச்சா புள்ளைங்க காதுல விழாமலா இருக்கும்?” அவர் கைகள் பெரிய கைகள். போர்வையின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தார். “ரீச்சர், ஒன்னு கேக்கவா? அவ மிச்சமும் எழுதினாளே. மூணு நாளா இந்தக் கட்டிலுக்குக் கீழ ஒக்காந்து எழுத்துக்கூட்டிப் பழகினா. நான்தான் சொல்லிக் குடுத்தேன். அத நீங்க வாசிச்சீங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். சுருட்டிய தாள் மடியில் இருந்தது.

“இல்லை. இண்டைக்குத்தான் வாசிச்சனான்.”

அவர் கூரையைப் பார்த்தார். வளவில் ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு திரிந்தது.

“அப்ப அவங்கள மட்டும் குத்தம் சொல்ல ஏலாது,” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் சாதாரணமாகச் சொன்னார், கூட்டிப் பார்த்து விடை சொல்வது போல.

“நான் என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ.”

“முழுசாப் போடுங்க.”

“இன்னொருக்காச் சிரிச்சால்?”

“சிரிக்கட்டும். முழுசாப் பாத்துட்டுச் சிரிக்கட்டும்.”

கதவுச் சீலைக்குப் பின்னால் இருந்த கால்கள் அசையவில்லை.

முழுசாக

அதிபரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். மறுநாள் காலை வகுப்புத் துவங்க முதல் அந்தத் தாளைக் கரும்பலகையில் ஒட்டி, மேலிருந்து கீழ்வரை ஒரே படமாக எடுத்தேன். கீழே எழுதினேன்: ‘லக்சிகாவின் வேலையை நான் பாதியாக வெட்டிப் போட்டேன். அதை முழுதாக வாசிக்காமலே சரியும் போட்டிருந்தேன். பிழை என்னுடையது. இதுதான் முழுப் படம்.’ ராஜேஸ்வரியின் இலக்கத்தைத் திரும்பவும் குழுவில் சேர்த்தேன்.

ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை. குழு துவங்கிய நாளிலிருந்து முதல் தடவையாக, அடுத்த நாள் காலையில் ஒரு ரோசாப்பூவும் வரவில்லை.

அன்று இடைவேளையில் விதுசனின் அம்மா எனக்கு மட்டும் போன் எடுத்தார். “எனக்குச் சத்தியமாத் தெரியாது ரீச்சர். வேலைவெட்டி இல்லாமல் கிடக்கிற ஆள் எண்டுதான் நினைச்சன். நான் எழுதினதை நினைச்சு எனக்குச் சாப்பாடு இறங்கேல்ல.”

“நல்லது. அதை ஏன் எனக்குச் சொல்லுறியள்?”

“உங்களுக்குச் சொன்னால் நீங்கள் அவைக்குச் சொல்லுவியள் எண்டு.”

எனக்கு ஆத்திரம் வந்தது. “நான் என்ன தபால்காரியோ? வாய்க்காலில இடுப்பளவு தண்ணிகூட இல்லை. பாலமும் இருக்குது. போய்ச் சொல்லுங்கோ.”

அவர் போகவில்லை. அதற்குப் பதிலாகக் குழுவில் ‘மன்னிக்கவும்’ என்று எழுதி, கும்பிடுகிற இரண்டு கைகளைப் போட்டார். உடனே ஒன்றன்பின் ஒன்றாகப் பதினொரு பேர் அதே கைகளைப் போட்டார்கள். அவர்களில் பாதிப்பேர் முதலில் சிரிக்கவே இல்லை. எதற்கு மன்னிப்பு என்று தெரியாமலே கும்பிட்ட ஒருவர், பிறகு எனக்குத் தனியாக, “என்ன பிரச்சினை ரீச்சர்?” என்று எழுதினார். ‘அங்கால’ என்று எழுதியவர் மட்டும் ஒன்றும் போடவில்லை. இன்றுவரை போடவில்லை.

திங்கட்கிழமை லக்சிகா வந்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி நின்று, “உங்கட அப்பா உண்மையாப் பின்னுவாரோ?” என்று கேட்டார்கள். அவள் ஓம் என்று தலையாட்டினாள். “மூண்டு பிரி மட்டுமில்லை, நாலு பிரியும் பின்னுவார்,” என்றாள். என் காது கேட்க அவள் வகுப்பில் அவ்வளவு சத்தமாகக் கதைத்தது அதுதான் முதல்.

அடுத்த நாட்களில் எல்லாம் பழையபடி வந்தது. ரோசாப்பூ வந்தது, பிள்ளையார் வந்தார், சப்பாத்தின் நிறம் கேட்டார்கள். நான் மட்டும் ஒவ்வொரு தாளையும் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டுச் சரி போட்டேன். வீட்டுக்குப் போகப் பிந்தியது.

பிறகு ஒரு பின்னேரம், குழுவில் ஒரு குரல்செய்தி வந்தது. ராஜேஸ்வரியின் இலக்கம். ஆனால் குரல் ஆண்குரல். பின்னால் கோழி கொக்கரிக்கிற சத்தம்.

“எல்லாருக்கும் வணக்கமுங்க. நான் லக்சிகாவோட அப்பா, முத்துராஜ். படுத்துத்தான் இருக்கேன். இப்ப வயல்ல நெல்லு வெட்டு வருது, அம்மாமாரு எல்லாம் வெள்ளனவே போவீங்க. புள்ளைக்குத் தலை பின்ன நேரமில்லன்னா ஆறரைக்கு முந்திக் கொண்டாந்து விடுங்க. பின்னி, லக்சிகாகூட பள்ளிக்கூடம் அனுப்பி விடுறேன். வாய்ப்பாடு கேப்பேன். அதுக்கு அழக்கூடாது.”

அதற்கு ஒரு பெருவிரல்கூட வரவில்லை. நான் பதில் எழுதத் தொடங்கி, என்ன எழுதுவது என்று தெரியாமல் அழித்தேன். திரும்ப எழுதினேன். திரும்ப அழித்தேன்.

இரண்டு நாள் கழித்து, வெள்ளெனப் பள்ளிக்கூடம் போகிற வழியில், வாய்க்கால் பாலத்தில் ஸ்கூட்டியை மெதுவாக்கவேண்டி வந்தது. விதுசனின் அம்மா முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தார். வயலுக்குப் போகிற பழைய சட்டை, தலையில் துவாய். ஒரு கையில், முதலாம் வகுப்பில் படிக்கிற இளைய மகள். சீருடை போட்டு, தலை அவிழ்ந்தபடி. மற்றக் கையில் ஒரு சீப்பும் இரண்டு நீல ரிபனும்.

என்னைக் கண்டதும் ஓரமாக ஒதுங்கினார்.

“எங்கட வயலில இண்டைக்கு வெட்டு மிசின் இறங்குது, ரீச்சர். எனக்கு நேரமில்லை,” என்றார், நான் ஒன்றும் கேட்காமலே.